காது வைத்துக் கட்டிய பை

அந்த ஊரைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் ஒரே இடத்தில்தான் வண்டியை நிறுத்துவார்கள். மலைப்பாதை கடைசியாக ஒருமுறை வளைகிற இடம் அது. கீழே அணை, அதற்குப் பின்னால் ஏரி, சுற்றிலும் காடு மூடிய மலைகள் என்று எல்லாம் ஒரே பார்வையில் விழும். இறங்குவார்கள். "அடேயப்பா" என்பார்கள். கையை விரித்துக்கொண்டு படம் எடுப்பார்கள். அப்புறம் கையில் இருக்கும் காலிப் பாட்டிலைத் தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் வீசிவிட்டு வண்டியில் ஏறுவார்கள். விழுந்த சத்தம் கேட்காது. சத்தம் கேட்காவிட்டால் பொருள் எங்கோ போய்விட்டது என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு.

எங்கும் போகாது. சரிவில் உருண்டு, ஓடையில் விழுந்து, ஏரிக்கு வந்து, காற்று தள்ளத் தள்ள ஆடி அசைந்து, அணை மதகுக்கு முன்னால் நிற்கும் இரும்புச் சல்லடையில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும். அங்கே நீண்ட கழியோடு ஒருவர் அதற்காகவே நின்றுகொண்டிருப்பார். அவருக்கு ஊர் வைத்த பெயர் சீச்சீ.

பெற்றவர்கள் வைத்த பெயரும் ஒன்று இருந்தது. சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடும்போது மட்டும் அது வெளியே வரும். மற்றபடி ஊருக்கு அவர் சீச்சீதான். எதைப் பார்த்தாலும் மூக்கைச் சுருக்கி, உதட்டைக் கோணி, "சீச்சீ" என்பார். டீக்கடையில் டம்ளரைக் கழுவுகிற தண்ணீரைப் பார்த்து ஒரு சீச்சீ. பஸ் நிலையத்தில் பெஞ்சைப் பார்த்து ஒரு சீச்சீ. கல்யாண வீட்டில் பந்தியைப் பார்த்து இரண்டு. "என்னையே கழுவிக் காயப்போட்டுட்டுத்தான் இந்த மனுஷன் கட்டிக்கிட்டாரு" என்று அவர் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அவர் இடத்தில் ஒரு வாரம் நின்று பார்த்தால் தெரியும். பாட்டில்களை அவர் குறை சொல்ல மாட்டார். அவை வெறும் பிளாஸ்டிக், தொட்டால் கை கூசாது. மற்றவைதான். ஊறி உப்பிப்போன குழந்தை டயப்பர்கள். தின்று மிஞ்சிய சோறு புளித்து நுரைத்த பொட்டலங்கள். வயிறு வீங்கிய காட்டுப் பன்றி. ஒற்றைச் செருப்பு, எப்போதும் ஒற்றைதான், இன்னொன்றை மட்டும் போட்டுக்கொண்டு அந்த ஆள் எப்படி ஊர் போய்ச் சேர்ந்தான் என்பது அவருக்கு இன்றுவரை புரியாத விஷயம். ஒருநாள் கழி நுனியிலிருக்கும் முள்வாரியில் ஒரு பல்செட் மாட்டிக்கொண்டு வந்தது. மேலும் கீழும் முழு வரிசை. அது அவரைப் பார்த்து இளித்ததில் அன்று மத்தியானச் சோறு அவருக்கு இறங்கவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், அந்தச் சல்லடைக்கு அந்தப் பக்கம் போகிற தண்ணீர்தான் ஊருக்குக் குடிதண்ணீர். மருந்து போட்டு, மணலில் வடிகட்டி, குழாயில் அனுப்புகிறார்கள். சுத்தமாகத்தான் இருக்கும் என்று அணை இன்ஜினியர் சொல்வார். இருக்கலாம். ஆனால் காலையில் பன்றியைத் தூக்கிப் போட்டவனால் சாயங்காலம் அந்தத் தண்ணீரை வாயில் வைக்க முடியுமா? சீச்சீயால் முடியவில்லை. வேலையில் சேர்ந்த புதிதில் விட்டவர் விட்டவர்தான். வீட்டுக்குப் பின்னால் மலையேறி, பாறை இடுக்கில் கசிகிற ஊற்றில் பிடித்து வருவார். அதைத்தான் குடிப்பார். வெளியே போனால் ஒரு பாட்டில் கூடவே போகும்.

சல்லடையில் அவரோடு வேலை செய்தவன் அவருடைய மைத்துனன், மனைவியின் தம்பி. வாயாடி. ஆனால் கை சோம்பாது. இருவரும் மதகடி மேடையில் நின்று குப்பையை வாரிச் சாக்கில் அடைப்பார்கள். சாக்கின் வாயை முறுக்கி, கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை மடித்துச் செருகினால் ஒரு வளையம் காது மாதிரி வெளியே நிற்கும். மேலே அணைச் சுவரில் இருக்கும் கப்பியிலிருந்து இறங்குகிற கொக்கியை அந்தக் காதில் மாட்டினால் போதும், சாக்கு ஒரு சொட்டுச் சிந்தாமல் மேலே போகும். நுனியை ஓர் இழு இழுத்தால் கட்டு அவிழும். சீச்சீ தன் கை அழுக்காகக் கூடாது என்று தானே யோசித்துக் கண்டுபிடித்த கட்டு அது. வேறு யாரும் அப்படிக் கட்டுவதில்லை. சாதாரண ஜனங்களுக்குச் சாக்கு மூட்டையைச் சுவரில் ஏற்றுகிற வேலை ஏது?

அவருக்கு ஒரே மகள். ஏரியின் அந்தக் கரையில் இருக்கும் ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளை நல்லவன்தான், பிழைக்கத் தெரிந்தவன். வீட்டுக்கு மேலே ஒரு மாடி எடுத்து, ரோஜா நிறத்தில் பெயின்ட் அடித்து, ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு அறை விட ஆரம்பித்தான். மாடி திறந்த அன்று சம்பந்தி வீட்டார் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்திருக்க, மகள் தட்டில் டம்ளர்களை வைத்துத் தண்ணீர் கொண்டுவந்தாள். எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். சீச்சீ கையைக் காட்டி வேண்டாம் என்றார். அதோடு விட்டிருக்கலாம். மனிதருக்குத் தாகம். மடியிலிருந்த பாட்டிலை எடுத்து மூடியைத் திருகி, சம்பந்தி முகத்துக்கு நேராக அண்ணாந்து கடகடவென்று குடித்தார்.

சம்பந்தி அம்மாள் தன் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாள். அந்தச் சத்தம் மகளின் நெஞ்சில் போய் விழுந்திருக்க வேண்டும்.

வாசலில் செருப்பு மாட்டும்போது மகள் வந்தாள். அழவில்லை.

"இனிமே இந்த வீட்டுக்கு வந்தா, எங்க தண்ணி ஒரு டம்ளர் குடிச்சுட்டு உள்ள வாங்க. இல்லைன்னா வராதீங்கப்பா."

"என்னம்மா இது, சின்ன விஷயத்துக்குப் போயி..."

"சின்ன விஷயம்னா குடிச்சிருக்கலாம்ல?"

அவர் இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டார். வந்துவிட்டார். அப்பனுக்குத் தப்பாத மகள், அவளும் இறங்கி வரவில்லை. பேத்தி பிறந்தபோதுகூட ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததோடு சரி. மனைவி வாரம் தவறாமல் போய்வந்தாள். இவர் சல்லடை மேடையில் நின்று ஏரியின் அந்தக் கரையைப் பார்ப்பார். ரோஜா நிற வீட்டின் கொடியில் குழந்தைத் துணி காயும். சட்டை பெரிதாகிக்கொண்டே வருவதை வைத்துப் பேத்தி வளர்வதைத் தெரிந்துகொண்டார். இந்த வயதில் ஒரு மனிதர் பேத்தியைத் துணிக்கொடியில் பார்த்துத் திருப்திப்பட வேண்டியிருந்தது என்றால் எவ்வளவு கேவலம்!

பேத்திக்கு முதல் பிறந்தநாள் வந்தது. மனைவி பிடித்துக்கொண்டாள்.

"ஒரு டம்ளர் தண்ணி. குடிச்சா செத்தா போயிடுவீங்க? ஊரே குடிக்குது, யாரு செத்தா?"

"ஊருக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே."

"தெரிஞ்சதை மறந்துட்டுக் குடிங்க. பாப்பா உங்க மூக்கைத்தான் வச்சிருக்கு. நேத்து கஞ்சியைப் பார்த்து அப்படியே உங்களை மாதிரி மூக்கைச் சுருக்குது."

மூக்கு என்றதும் அவர் விழுந்துவிட்டார். அன்றிலிருந்து ஒத்திகை ஆரம்பித்தது. சமையலறைக் குழாயில் பாதி டம்ளர் பிடிப்பார். கண்ணை மூடுவார். ஒரு வாய் எடுப்பார். உள்ளே போகிற நேரத்தில் பன்றி நினைவுக்கு வரும். தண்ணீர் ஜன்னல் வழியாக வெளியே போகும். மறுபடி பிடிப்பார். பல்செட் வரும். "செடிக்காவது ஆகுதே" என்று மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டே சொல்வாள். ஆனாலும் மனிதர் விடவில்லை. கடைசியில் ஒருநாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு முழு டம்ளரையும் உள்ளே இறக்கிவிட்டார். மனைவி கையைத் தட்டினாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். தண்ணீர் உள்ளேயே இருந்தது.

பிறந்தநாள் அன்று காலையில் கடைசியாக ஒரு வாரு வாரிவிட்டுக் கிளம்பலாம் என்று சல்லடைக்குப் போனார். மனைவி பாயசம் வைத்து எடுத்துக்கொண்டு பின்னால் வருவதாக ஏற்பாடு. விடுமுறைக்கு வந்த கூட்டம் முந்தின நாள்தான் ஊரைவிட்டுப் போயிருந்தது. சல்லடை முழுக்க அவர்களுடைய சந்தோஷம் ஒட்டிக்கொண்டு நாறியது. அதற்கு நடுவில் வரிசையாகக் கறுப்புப் பைகள் மிதந்து வந்திருந்தன. பெரிய பைகள்.

"இவனுங்க இப்பல்லாம் மூட்டை கட்டியே போட ஆரம்பிச்சுட்டானுங்க, மாமா" என்றான் மைத்துனன்.

சீச்சீ முதல் பையை வாரியால் இழுத்தார். கப்பிக் கொக்கி இறங்கியது. கை பழக்கத்தில் அதைப் பிடித்துப் பையில் மாட்டினார். மாட்டியது. பை மேலே போக ஆரம்பித்தபோதுதான் அவருக்கு உறைத்தது. வெளியாள் கட்டிய பையில் கொக்கி எதில் மாட்டியது?

மைத்துனனிடம் கயிற்றை இறக்கச் சொல்லி, கட்டைப் பார்த்தார். காது. வாயை முறுக்கி, இரண்டு சுற்று, நுனி மடித்துச் செருகல். அடுத்த பையிலும் காது. அதற்கடுத்ததிலும்.

அவருக்கு ஜிவ்வென்று ஏறியது. திரும்பி மைத்துனன் சட்டையைப் பிடித்தார். "ஏன்டா, வீட்டுக் குப்பையை ஏரியில போட்டுட்டு என்கிட்டயே நடிக்கிறியா?"

"மாமா, சட்டையை விடுங்க. நான் போட்டா இங்க வந்து நானேதானே வாரணும்? எனக்கு என்ன பைத்தியமா?"

"அப்ப இந்தக் கட்டு?"

மைத்துனன் குனிந்து பார்த்தான். பார்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல், "நம்ம கட்டுல காது வலது பக்கம் நிக்கும், மாமா. இது இடது பக்கம் நிக்குது" என்றான்.

இடக்கை. சீச்சீயின் கை தானாகத் தளர்ந்தது. பள்ளிக்கூடம் விட்டு அவருக்குச் சோறு கொண்டுவரும் மகள் இதே மேடையில் உட்கார்ந்து, தனக்கும் கட்டக் கற்றுக்கொடு என்று அடம்பிடித்திருக்கிறாள். அவள் எழுதுவதும் இடது, சாப்பிடுவதும் இடது. அவள் கட்டினால் காது தப்புப் பக்கம் திரும்பி நிற்கும். "உன் சாக்குக்கு மட்டும் காது கோணலா இருக்கு" என்று அவர் கேலி செய்வார்.

நுனியைப் பிடித்து ஓர் இழு இழுத்தார். பை வாயைத் திறந்தது. மாடி திறந்த அன்று மாப்பிள்ளையின் அறைகளில் பார்த்த அதே மஞ்சள் சோப்புகளின் உறை, யார் யாரோ தின்று துப்பிய எலும்பு, ஈரத் துணி, அழுகின பழம், டயப்பர். மேலே இருந்த டயப்பர் யாருடையது என்று அவரால் யோசிக்க முடியவில்லை. வருகிறவர்களைத் திட்டித் திட்டியே இத்தனை காலம் ஓட்டியிருக்கிறார். நாற்றம் எடுத்தவர்கள், நாகரிகம் இல்லாதவர்கள், பெற்றவர்கள் வளர்த்த லட்சணம் என்று வாய் ஓயாமல் திட்டியிருக்கிறார். கடைசியாகச் சொன்னது இப்போது நேராக அவர் மேலேயே வந்து விழுந்தது. உடம்பெல்லாம் கூசியது.

பையை மறுபடி கட்டித் தோளில் போட்டுக்கொண்டார். மைத்துனன், "மாமா, இன்னைக்கு வேணாம், பிறந்தநாள்" என்று பின்னாலேயே வந்தான். அவர் காதில் வாங்கவில்லை.

ரோஜா நிற வீட்டில் மாடி அறைகளில் ஆட்கள் இருந்தார்கள். மேலே ஒருவன் பாட்டுப் போட்டுக்கொண்டு முகம் மழித்துக்கொண்டிருந்தான். மகள் வாசலிலேயே நின்றாள். கையில் டம்ளர். அம்மா சொல்லியிருப்பாள், முகம் பூராவும் சிரிப்பு. பின்னால் கூடத்தில் பேத்தி தரையில் உட்கார்ந்திருந்தது. தலையில் வெள்ளிக் காகிதக் கிரீடம். மைத்துனன் முந்தின நாள் கடையில் வாங்கிக்கொடுத்தது.

"வாங்கப்பா. முதல்ல இதைக் குடிங்க, அப்புறம்தான் உள்ள" என்று டம்ளரை நீட்டினாள்.

அவர் வாங்கினார். "எந்தத் தண்ணி?"

"பயப்படாதீங்க, கேன் தண்ணிதான். குழாய்த் தண்ணியை இந்தக் கரையில யாரு குடிப்பா? பாப்பாவைக் குளிப்பாட்டக்கூட நாங்க கேன்தான் வாங்குறோம். சீ, அதைப் போயி..."

அந்தச் சீயில் மூக்கு சுருங்கியது, உதடு கோணியது. அச்சு அசல் அவரே. தண்ணீர் குடிக்காததற்காகத் தன்னை வாசலோடு நிறுத்திவிட்ட மகளின் வாயிலிருந்து தன் சொல்லே வந்ததைக் கேட்டு, வேறு நாளாயிருந்தால் அவர் சிரித்திருப்பார். தோளிலிருந்த பையை இறக்கிப் படியில் வைத்தார்.

மகள் பையைப் பார்த்தாள். அடுத்து, மாடியிலிருந்து யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தாள்.

"இதை எதுக்குப்பா இங்க தூக்கிட்டு வந்தீங்க? வீட்டுல ஆள் இருக்கு."

"உன் கட்டுதானே?"

"ஆமா." பொய் சொல்லக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. "என்ன பண்றது? குப்பை வண்டி இந்தக் கரைக்கு வர்றதே இல்ல. வெளிய வச்சா பன்றி கிழிச்சு இழுத்துப் போடுது. வந்தவங்க மூக்கைப் பிடிச்சுக்கிட்டு வேற வீட்டுக்குப் போயிடுறாங்க. அவர்தான் ஏரியில விட்டுடலாம்னாரு. எனக்கும் முதல்ல மனசே வரலை. அப்புறம் யோசிச்சேன், அங்க அப்பாதானே இருக்காரு, எடுத்துடுவாருன்னு."

அவள் குரலைத் தாழ்த்தி, சமாதானம் செய்கிற மாதிரி சொன்னாள்:

"உங்களுக்குத் தூக்கச் சுலபமா இருக்கட்டும்னுதான்பா காது வச்சே கட்டினேன்."

ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரு சீச்சீ வைத்திருந்த மனிதருக்கு அப்போது ஒன்றுகூட வரவில்லை. பெற்ற மகளை நினைத்து அருவருப்பாக இருந்தது. அதைவிட, அவள் அப்படிச் சொன்ன அந்த ஒரு நொடியில் மனசு லேசாகக் குளிர்ந்துவிட்டதே, அதை நினைத்து இன்னும் அருவருப்பாக இருந்தது. மகள் அப்பன் கையை நினைத்துப் பார்த்துக் கட்டியிருக்கிறாள் என்று ஒரு கிழட்டு மனம் சந்தோஷப்படுகிறது, குப்பைப் பையைப் பார்த்து!

டம்ளர் தண்ணீரைச் செடியில் ஊற்றினார். முற்றத்துக் குழாயடிக்குப் போய், வழிய வழியப் பிடித்து, மூக்கைப் பிடிக்காமல், கண்ணை மூடாமல், மகளைப் பார்த்துக்கொண்டே குடித்தார். மருந்து வாடையும் துரு வாடையும் தொண்டையில் இறங்கின.

"உன் வீட்டுத் தண்ணி குடிச்சாச்சு. இனிமே போடாதே."

"சரிப்பா." இப்போதுதான் அவள் முகம் சுண்டியது.

"பாப்பாவைக் குடு."

அவள் குழந்தையைத் தூக்கினாள். கொடுக்க வந்தவள் நின்றாள். "கையைக் கழுவிட்டு வாங்கப்பா. அந்தப் பையைத் தூக்கின கை."

அவர் குழாயடிப் பக்கம் திரும்பினார். "அதுல வேணாம், இருங்க" என்று குழந்தையை இடுப்பில் வைத்தபடியே உள்ளே போய்க் கேன் தண்ணீரைச் செம்பில் கொண்டுவந்து ஊற்றினாள். அவர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். நல்ல தண்ணீர் கை வழியே வழிந்து, படியிறங்கி, ஏரிப் பக்கமாக ஓடியது. பேத்தியை வாங்கினார். அது கிரீடத்தைத் தலையிலிருந்து பிய்த்து அவர் வாயில் திணித்தது. அவருக்குக் கொஞ்சமும் கூசவில்லை.

அதன்பின் அவர் ஞாயிறு தவறாமல் போனார். குழாய்த் தண்ணீர் ஒரு டம்ளர் குடிப்பார், பேத்தியைத் தூக்குவார். அப்பனும் மகளும் பேச ஆரம்பித்துவிட்டார்கள் என்று மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. பையைப் பற்றி அவளிடம் அவர் மூச்சுவிடவில்லை. மைத்துனனும் கேட்கவில்லை. சல்லடையில் பாட்டில் வந்தது, செருப்பு வந்தது, காது வைத்த பை வரவில்லை. ஒரு சொல் சொன்னால் கேட்கிற மகள் என்று அவர் உள்ளுக்குள் மார் தட்டிக்கொண்டார்.

மழை விட்டு அடுத்த விடுமுறைக் கூட்டம் வந்தது. அடேயப்பா என்றது, வீசியது, போனது. மறுநாள் சல்லடையில் கறுப்புப் பைகள் நின்றன. எதிலும் காது இல்லை. யார் வேண்டுமானாலும் கட்டுகிற சாதாரண முடிச்சு. முதல் பையின் கழுத்தில் மைத்துனன் கயிற்றைச் சுற்றி எப்படியோ கொக்கியை மாட்டினான். பாதிச் சுவர் ஏறியதும் பை நழுவிக் கிழிந்து, உள்ளே இருந்ததெல்லாம் சீச்சீயின் தலையிலும் தோளிலும் கொட்டியது. புளித்த சோறு. மஞ்சள் சோப்பு உறை. டயப்பர். கடைசியாக ஒரு வெள்ளிக் காகிதக் கிரீடம், நனைந்து, ஒரு பக்கம் கடிபட்டு, அவர் காலடியில் வந்து விழுந்தது.

மைத்துனன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். "மாமா, இது..."

"வந்து போறவங்கதான், வேற யாரு" என்றார் சீச்சீ. "நாத்தம் பிடிச்சவங்க. நீ கொக்கியை மேல ஏத்து, காது இல்லாம இனிமே அது உதவாது."

அடுத்த பையைக் கையால்தான் தூக்க வேண்டியிருந்தது. குனிந்து, இரண்டு கையாலும் அணைத்து, நெஞ்சோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு படியேறினார்.